பத்தாவது கணக்கு: மார்க் எப்படி போடுவேன், என்ன எதிர்பார்க்குறேன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ராயக்கோட்டை பக்கத்துல ஒரு அரசு பள்ளியில பத்தாவதுக்கு கணக்கு எடுக்குறேன். ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டும் உண்டு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததுல இருந்து பொதுத்தேர்வு வரைக்கும் புள்ளைங்களும் வீட்டுக்காரங்களும் கேக்குற கேள்விங்க கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். பொதுத்தேர்வு ரூல் எது, என் கிளாஸ் ரூல் எதுன்னு பிரிச்சு சொல்லியிருக்கேன், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

பத்தாவது கணக்குல டீச்சர் கையில எவ்வளவு மார்க் இருக்கு?

ஒரு மார்க் கூட இல்லீங்க. இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேரு "டீச்சர் பாத்து போட்டா பாஸ் ஆயிடுவான்"னு நெனச்சிட்டு வர்றாங்க. சயின்ஸுக்கு 25 மார்க் பிராக்டிக்கல் இருக்கு, கணக்குக்கு அப்படி எதுவும் கெடையாது, 100 மார்க்கும் பொதுத்தேர்வு பேப்பர்லதான். பேப்பர திருத்துறதும் வேற ஊர் டீச்சர், யாருன்னு எனக்கே தெரியாது. பாஸ் மார்க் 35.

பன்னெண்டாவது போனா கதை வேற. அங்க கணக்குக்கு 90 மார்க் எழுத்துத் தேர்வு, 10 மார்க் ஸ்கூல்ல போடுற அகமதிப்பீடு. அந்த பத்துல அட்டென்டென்ஸ், டெஸ்ட், அசைன்மென்ட் எல்லாம் சேரும்.

அப்போ நீங்க வாராவாரம் டெஸ்ட் வெச்சு மார்க் போடுறது எதுக்கு?

புள்ள எங்க நிக்குதுன்னு எனக்கும் அதுக்கும் தெரியணும், அதுக்குதான். வெள்ளிக்கிழமை 20 மார்க் சிலிப் டெஸ்ட், ஒரு சாப்டர் முடிஞ்சா 50 மார்க் யூனிட் டெஸ்ட், அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன். இதுல எந்த மார்க்கும் பொதுத்தேர்வு சர்டிபிகேட்டுக்கு போகாது. ஆனா சிலிப் டெஸ்ட்ல ஆயத்தொலை வடிவியல்ல மூணு மார்க் எடுத்த புள்ளைய அந்த வாரமே உக்கார வெச்சு சரி பண்ணலாம், மார்ச் மாசம் வந்து தெரிஞ்சா என்ன பண்றது, நேரம் எங்க இருக்கு?

ரேங்க் போட்டு செவுத்துல ஒட்டுறது இல்ல. மண்டியில தக்காளிய ஒன்னாம் நம்பர் ரெண்டாம் நம்பர்னு கூடைக்கு கூடை பிரிக்கிற மாதிரி புள்ளைங்கள பிரிச்சு வெக்கிறதுல எனக்கு விருப்பமே கெடையாது. பேப்பர அவங்கவங்க கையில குடுப்பேன், பக்கத்துல இருக்கவங்களுக்கு காட்டணுமா வேணாமான்னு அவங்க இஷ்டம்.

டெஸ்ட்ல மார்க் கம்மியா வந்தா மறுபடி எழுதலாமா?

எழுதலாம். சிலிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட் ரெண்டுக்கும் ஒரு வாரத்துக்குள்ள ரீடெஸ்ட் உண்டு, ரெண்டுல எது அதிகமோ அதத்தான் ரெஜிஸ்டர்ல ஏத்துவேன். ஒரே ஒரு கண்டிஷன், மொத பேப்பர்ல தப்பான கணக்க எல்லாம் நோட்டுல திருத்தி எழுதி, எங்க தப்பு பண்ணேன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதிட்டு வரணும். "கவனக்குறைவு"ன்னு மட்டும் எழுதிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். "மைனஸ அடுத்த வரிக்கு எடுத்துட்டு போகல", "வீச்சு கேட்டாங்க நான் வீச்சுக்கெழு போட்டுட்டேன்", இப்படி எழுதணும், அப்பதான் அடுத்த தடவை அந்த எடத்துல கை நிக்கும்.

காலாண்டு அரையாண்டுக்கு ரீடெஸ்ட் கெடையாது.

விடை தப்பு, ஆனா ஸ்டெப் எல்லாம் சரி. மார்க் கெடைக்குமா?

கெடைக்கும். பொதுத்தேர்வுலயும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, என் கிளாஸ்லயும் உண்டு. இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா ஒரு புள்ளையோட மார்க் 40ல நிக்குறதும் 60க்கு போறதும் இங்கதான் முடிவாகுது.

ஒரு அஞ்சு மார்க் கணக்கு எடுத்துக்கலாம். 30 ரூட் 3 மீட்டர் உயரமான ஒரு பாறை உச்சியில இருந்து தரையில நிக்குற காரை பாக்குறோம், இறக்கக்கோணம் 30 டிகிரி, பாறை அடியில இருந்து கார் எவ்வளவு தூரம்? நான் திருத்துறப்போ படம் வரைஞ்சு கோணத்த சரியான எடத்துல குறிச்சா 1, டேன் 30ன்னா எதிர்ப்பக்கம் கீழ அடுத்துள்ள பக்கம்னு எழுதினா 1, மதிப்ப போட்டா 1, சுருக்குனா 1, கடைசியா 90 மீட்டர்னு அலகோட எழுதினா 1. ஒரு பையன் டேன் 30க்கு ஒன்னு பை ரூட் 3 போடாம ரூட் 3 போட்டுட்டான், விடை 30 மீட்டர்னு வந்துருச்சு. மதிப்புக்கும் விடைக்கும் ரெண்டு மார்க் போச்சு, படம், சூத்திரம், அதுக்கப்புறம் அவன் போட்ட மதிப்ப வெச்சு ஒழுங்கா சுருக்குனது, இதுக்கு மூணு மார்க் குடுப்பேன். அதே தப்ப பண்ணிட்டு வெறும் "30"ன்னு மட்டும் எழுதி வெச்ச புள்ளைக்கு நான் எதுக்கு மார்க் போடுறது? போட ஆசைதான், பேப்பர்ல ஒன்னுமே இல்லையே.

அதே கணக்குல இன்னொன்னும் பாருங்க. 30 டிகிரி சின்ன கோணம், அப்படின்னா கார் தள்ளி நிக்கணும், தூரம் உயரத்த விட ஜாஸ்தியா வரணும். உயரம் கிட்டத்தட்ட 52 மீட்டர், விடை 30ன்னு வந்தா எங்கயோ தப்புன்னு அங்கயே தெரிஞ்சிருக்கும். விடைய எழுதிட்டு இது நடக்குமான்னு ஒரு தடவை யோசிக்கிற பழக்கம் இருந்துச்சுன்னா அந்த ரெண்டு மார்க்கும் திரும்பி வந்துடும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல ஏறி நின்னு கீழ பஸ்ஸ பாத்த புள்ளைங்கதான நீங்க எல்லாம், உங்களுக்கு இது புரியாம போகாது.

தெரியாத கணக்க விட்டுடலாமா?

விடாதீங்க. என் கிளாஸ்ல ஒரு ரூல் ரொம்ப கண்டிப்பு, வெத்து பேப்பர் மட்டும் குடுக்கக் கூடாது. கேள்வியில குடுத்த விவரத்த எழுதுங்க, சூத்திரம் ஞாபகம் இருந்தா எழுதுங்க, படம் வரைய முடிஞ்சா வரைங்க. தப்பா எழுதினா மார்க் கொறைக்கிற நெகட்டிவ் மார்க் எல்லாம் நம்ம பொதுத்தேர்வுல கெடையாது. தப்பா எழுதின பேப்பர பாத்தா எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எனக்கு தெரியும், வெத்து பேப்பர பாத்து எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க. ஒரு வருஷம் பூரா நான் எடுக்குற பாடத்துல ஒரு புள்ளைக்கிட்ட இருந்து நான் கேக்குறது இது ஒன்னுதான்.

கேள்வித்தாள் எப்படி இருக்கும்?

நாலு பகுதி. மொத பகுதி 14 ஒரு மார்க், எல்லாத்தையும் எழுதணும். ரெண்டாவது பகுதியில 14 ரெண்டு மார்க் கேள்வி இருக்கும், 10 எழுதுனா போதும், அதுல 28வது கேள்வி கட்டாயம். மூணாவதுல 14 அஞ்சு மார்க் கேள்வி, 10 எழுதணும், 42வது கட்டாயம். கடைசி பகுதி எட்டு மார்க் ரெண்டு, ஒன்னு செய்முறை வடிவியல் இன்னொன்னு கிராஃப், ரெண்டுலயும் இது அல்லது அதுன்னு சாய்ஸ் இருக்கும். 14ம் 20ம் 50ம் 16ம் கூட்டுனா 100. மூணு மணி நேரம், அதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்கவும் விவரத்த சரிபாக்கவும் 15 நிமிஷம்.

28வதையும் 42வதையும் மறந்துட்டு வேற கேள்விய எழுதிட்டு வர்ற புள்ளைங்க ஒவ்வொரு டெஸ்ட்லயும் இருக்காங்க. கேள்வித்தாள் கைக்கு வந்ததும் அந்த ரெண்டு நம்பர்லயும் பென்சில்ல வட்டம் போட்டுக்கங்க.

ஒரு மார்க்குல குறியீட்டையும் எழுதணும், விடையையும் எழுதணும், கேள்வித்தாள்லயே அப்படித்தான் போட்டிருக்கும். "ஆ"ன்னு எழுதிட்டு பக்கத்துல "இ"க்கு உண்டான விடைய எழுதி வெச்சா என் டெஸ்ட்ல சைபர்தான், எது உங்க விடைன்னு நான் எப்படி கண்டுபிடிக்கிறது?

ஒரு மார்க்கும் ஜியோமெட்ரியும் கிராஃபும் மட்டும் படிச்சா பாஸ் ஆயிடலாம்னு சொல்றாங்களே?

கணக்கு போட்டு பாத்தா 14ம் 16ம் 30, இன்னும் அஞ்சு மார்க் வந்தா பாஸ். ஊர்ல எல்லாரும் சொல்ற ஐடியா இது, பொய்யும் இல்ல. ஆனா அந்த 30 முழுசா வரணும்னா பதினாலும் சரியா இருக்கணும், ரெண்டு படமும் தப்பே இல்லாம இருக்கணும், பரீட்சை பதட்டத்துல அது எத்தன பேருக்கு நடக்கும்?

ஜனவரி மாசத்துக்கு மேலயும் 20 மார்க்குக்குள்ளயே நிக்குற புள்ளைக்கு நானே இந்த வழியிலதான் ஆரம்பிக்கிறேன், ஆனா அதோட நிறுத்த மாட்டேன். கார்டீசியன் பெருக்கல், கூட்டுத் தொடர்வரிசையில பொது உறுப்பு, வீச்சும் வீச்சுக்கெழுவும், ரெண்டு புள்ளிய இணைக்கிற கோட்டோட சாய்வு, சின்ன சின்ன நிகழ்தகவு கணக்கு, இப்படி ரெண்டு மார்க்குல அஞ்சாறு வகை சேத்துக்கிட்டா கையில 10 மார்க் கூடுது, எங்கயாவது அஞ்சாறு மார்க் நழுவுனாலும் பயமில்ல. ஜூன் மாசத்துலயே "எனக்கு 35 போதும் டீச்சர்"னு சொல்ற புள்ளைக்கு மட்டும் இந்த வழிய நான் சொல்லித்தர மாட்டேன், அதுக்கு முழு எட்டு சாப்டரும் நடத்துவேன்.

ஜியோமெட்ரியில படம் சரியாத்தான் இருக்கு, ஏன் மார்க் கட் ஆகுது?

பெரும்பாலும் மூணு காரணம். உதவிப்படம் வரையாம நேரா வரையுறது ஒன்னு. காம்பஸ்ல போட்ட வில்ல அழிச்சிடுறது ரெண்டாவது. சுத்தமா இருக்கணும்னு ரப்பர் வெச்சு அழிச்சிட்டு வர்றாங்க, அந்த வில்லுதான் நீ வரைஞ்சதுக்கு சாட்சி, அத அழிச்சிட்டா ஸ்கேல்ல அளந்து கோடு போட்டியா முறையா வரைஞ்சியான்னு திருத்துறவருக்கு எப்படி தெரியும்? மூணாவது, வரைமுறைய எழுதாம விடுறது.

தொடுகோடு கணக்குல சரிபாக்க ஒரு வழி இருக்கு. வட்டத்தோட ஆரம் 3 செ.மீ, மையத்துல இருந்து 5 செ.மீ தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து ரெண்டு தொடுகோடு. பிதாகரஸ் படி 25ல இருந்து 9 போனா 16, தொடுகோடு 4 செ.மீ வரணும். அளந்து பாக்குறப்ப 4.1ன்னு வந்தா பரவால்ல, 4.6ன்னு வந்தா மையக்குத்துக்கோடு எங்கயோ நகந்திருக்கு, திரும்ப வரையுங்க. காம்பஸ் லூசா இருந்தா என்னதான் பண்ணாலும் படம் வராது, பழைய பாக்ஸ்ல இருக்குற ஸ்க்ரூ தேஞ்ச காம்பஸ வெச்சுக்கிட்டு போராடாதீங்க, ஸ்டாஃப் ரூம்ல நல்ல காம்பஸ் வெச்சிருக்கேன், டெஸ்டுக்கு வாங்கிட்டு போயி திருப்பி குடுங்க.

கிராஃப்?

அட்டவணை, அளவுத்திட்டம், அச்சு பேரு, புள்ளி, வளைவு, கடைசியா முடிவு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3 எடுத்துக்கங்க. எக்ஸுக்கு மைனஸ் 1ல இருந்து 5 வரைக்கும் போட்டா 8, 3, 0, மைனஸ் 1, 0, 3, 8 வரும். எண்ணெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எறங்கி ஏறுது பாருங்க, அப்படி வரலன்னா அட்டவணையிலயே தப்பு, கிராஃப் பேப்பர தொடாதீங்க. புள்ளிங்கள ஸ்கேல் வெச்சு நேர் கோடா சேக்காதீங்க, அது பரவளையம், கையால வளைச்சு வரையணும். எக்ஸ் அச்ச 1லயும் 3லயும் வெட்டுது, அதனால மூலங்கள் மெய், சமமில்லை. இந்த கடைசி வரிய எழுதாம விட்டுட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி, கேள்வியே அதுக்குதான் கேட்டிருக்காங்க.

ஹோம்வொர்க்குக்கு மார்க் உண்டா? பண்ணலன்னா என்ன தண்டனை?

மார்க்கும் இல்ல, தண்டனையும் இல்ல. தினமும் நாலஞ்சு கணக்கு குடுப்பேன். வரலன்னா எந்த வரி வரைக்கும் வந்துச்சோ அங்க ஒரு கேள்விக்குறி போட்டுட்டு வரணும், அடுத்த நாள் அங்கிருந்துதான் கிளாஸ ஆரம்பிப்பேன். ஹோம்வொர்க்குக்கு மார்க்னு சொன்னா காலையில டவுன் பஸ்லயே ஒரு நோட்டுல இருந்து அஞ்சு நோட்டுக்கு கணக்கு போயிடும், அதுல யாருக்கு என்ன லாபம்?

போன்ல போட்டோ எடுத்தா விடை வந்துடுது, கைடுலயும் இருக்கு. பாத்து எழுதலாமா?

பாருங்க, வேணாம்னு சொல்லல. பாத்து புரிஞ்சுக்கிட்டு மூடி வெச்சிட்டு திரும்ப எழுதுங்க. மறுநாள் நோட்டுல எல்லா கணக்கும் சரியா இருந்தா யாராவது ஒருத்தர போர்டுக்கு கூப்பிட்டு "மூணாவது வரி ஏன் வந்துச்சு"ன்னு கேப்பேன். வாய்ல சொல்ல வரலன்னா அந்த கணக்கு இன்னும் உங்களுது ஆகல. சில ஆப் காலேஜ் லெவல் முறையில போட்டு வெச்சிருக்கும், நம்ம புத்தகத்துல இருக்குற முறையில எழுதுறதுதான் உங்களுக்கு நல்லது, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க் தெளிவா விழும்.

டெஸ்ட்ல காப்பி அடிச்சா?

அந்த பேப்பர் செல்லாது, மறுநாள் என் முன்னாடி உக்காந்து வேற கேள்வித்தாள் எழுதணும், அந்த மார்க்குதான் ரெஜிஸ்டர்ல ஏறும். காட்டுன புள்ளைக்கும் இதேதான். கிளாஸ் முன்னாடி நிக்க வெச்சு கேவலப்படுத்த மாட்டேன், வீட்டுக்கு மட்டும் சொல்லுவேன். பொதுத்தேர்வுல இது இவ்வளவு லேசா முடியாது, அடுத்த தேர்வுகள எழுத முடியாத அளவுக்கு போகும், அந்த பழக்கம் இங்கயே நின்னுடணும்.

புள்ளைக்கு வாய்ப்பாடே சரியா வரல, பத்தாவது கணக்கு எப்படி போடும்?

இத கேக்க வர்ற அம்மாங்க பாதி பேரு வெக்கப்பட்டுக்கிட்டே கேக்குறாங்க. வெக்கப்பட ஒன்னுமே இல்ல. பத்தாவது வந்தும் ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுற புள்ளைங்க எல்லா ஸ்கூல்லயும் இருக்காங்க, காரணம் அந்த புள்ளை மட்டும் கெடையாது.

ஜூன் மாசம் மொத ரெண்டு வாரம் நான் புது பாடம் ஆரம்பிக்க மாட்டேன். வாய்ப்பாடு, மைனஸ் எண்ண கூட்டுறது கழிக்கிறது, பின்னம், ஒரு சமன்பாட்டுல ஒரு உறுப்ப அந்த பக்கம் கொண்டு போறது, இந்த நாலுலயும் ஒரு டெஸ்ட் வெப்பேன், மார்க் போட மாட்டேன். யாருக்கு எது வரலயோ அவங்க காலையில பிரேயருக்கு முன்னாடி வந்து உக்காரணும். நான் பாத்த வரைக்கும் பத்தாவது கணக்குல போற மார்க்குல பெரும்பங்கு பத்தாவது பாடத்தால போறது இல்ல. காரணிப்படுத்துறது எப்படின்னு தெரிஞ்ச புள்ள, மைனஸ் 7ல இருந்து 3 போனா மைனஸ் 4ன்னு எழுதுதே, அங்க போகுது. அதுக்கு காரணிப்படுத்துறத பத்து தடவை நடத்தி என்ன பிரயோஜனம்?

வீட்ல நீங்க பண்ண வேண்டியது, படிச்சிருந்தாலும் படிக்கலன்னாலும், சாப்புடுறப்போ வாய்ப்பாடு கேளுங்க. உங்களுக்கு தெரியலன்னா புத்தகத்த கையில வெச்சுக்கிட்டு கேளுங்க. தெனமும் அஞ்சு நிமிஷம் போதும்.

வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசுறோம். கணக்கு வருது, கேள்வி புரியல.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை பக்கம் இது நிஜமான பிரச்சனை. "மூன்று மடங்கை விட நான்கு குறைவு"ன்னு கேள்வியில வந்தா புள்ள நாலுல இருந்து மூணு மடங்க கழிச்சிடுது. அதுக்கு நான் கேள்விய உடைச்சு எழுத வெக்கிறேன், ஒவ்வொரு துண்டுக்கும் கீழ கணக்கா மாத்தி எழுதணும். வகுப்புல தெலுங்குல சந்தேகம் கேட்டா தப்பு இல்ல, பக்கத்துல இருக்க புள்ள தெலுங்குல விளக்குனாலும் தப்பு இல்ல, எழுதுறது மட்டும் தேர்வு மொழியில இருக்கட்டும். எழுத்துப் பிழைக்கு என் கிளாஸ்ல மார்க் கொறைக்கிறது இல்ல.

லீவு போட்டா டெஸ்ட் மார்க் என்ன ஆகும்?

சைபர் போட மாட்டேன், ஆப்சென்ட்னு போட்டு வெச்சு வந்ததும் எழுத வெப்பேன். ஏன் லீவுன்னு மட்டும் உண்மைய சொல்லிடுங்க, வயித்துவலின்னு லெட்டர் வேணாம். பட்டுப்புழு வளக்குற வீட்ல புழு கூடு கட்டப் போற கடைசி வாரத்துல ராத்திரி பகல் தழை போடணும், ஆள் பத்தாது, எனக்கு தெரியும். தக்காளி வெல ஏறுற நேரத்துல விடியக்காலம் தோட்டத்துக்கு போயிட்டு வர்ற புள்ளைங்க மொத பீரியட்ல தூங்குறதும் தெரியும். நான் கேக்குறது, அந்த வாரத்துல தெனமும் ரெண்டே ரெண்டு கணக்கு, யாரு வீட்டு நோட்டாவது வாங்கி பாத்து போட்டுடுங்க. தொடர்ந்து நாலஞ்சு நாள் விட்டா முக்கோணவியல் மாதிரி பாடத்துல கயிறு அறுந்துடும், அப்புறம் புள்ளையே "எனக்கு கணக்கு வராது"ன்னு முடிவு பண்ணிடுது.

ஜனவரி பிப்ரவரியில பொங்கல் முடிஞ்சு ஊருக்கு ஊரு எருது விடும் விழா நடக்குறப்போ ரிவிஷன் டெஸ்டும் வந்துடும். ஒரு ஊரு விழா பாத்தா போதும்பா, பக்கத்து ஊரு, அதுக்கு அடுத்த ஊருன்னு போகாதீங்க, அந்த ஆறு வாரம்தான் மார்க் ஏறுற நேரம்.

"நல்லா அடிங்க டீச்சர், அப்பதான் படிப்பான்"னு சொன்னா கேக்க மாட்டீங்களா?

கேக்க மாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு பள்ளியில ஒடம்பு தண்டனையையும் மனசு நோகடிக்கிறதையும் தடை பண்ணுது. சட்டம் இல்லன்னாலும் அடிக்க மாட்டேன். கணக்கு பீரியட் வந்தா வயிறு பெசையுற புள்ளைக்கு மூளை எப்படி வேல செய்யும்? பயந்த புள்ள சந்தேகம் கேக்காது, சந்தேகம் கேக்காத புள்ள வெத்து பேப்பர்தான் குடுக்கும். வீட்லயும் மார்க் பேப்பர பாத்ததும் கைய ஓங்காதீங்க, தயவு செஞ்சு. கம்மி மார்க்க மறைச்சு, கையெழுத்த அதுவே போட்டுக்கிட்டு வந்த புள்ளைங்கள பாத்திருக்கேன், அந்த பயத்துல அதுங்க படுற பாடு பெருசு.

கணக்குல பெயில் ஆயிட்டா படிப்ப நிறுத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க.

வேணாம். பெயில் ஆன பாடத்த மட்டும் எழுத அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கு. கணக்கு ஒன்னுதான் போச்சுன்னா கணக்கு மட்டும் எழுதுனா போதும், பாஸ் ஆனா அந்த வருஷமே பதினொன்னுல சேரலாம், ஒரு வருஷம் கூட வீணாகாது. ரிசல்ட் வந்ததும் ஸ்கூலுக்கு வாங்க, அப்ளை பண்றதுக்கு நாங்க உதவி பண்றோம், கோடை லீவுல நான் கிளாஸும் எடுக்குறேன். அந்த நேரம் மாம்பழ சீசன், கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்கு போயிடலாம்னு தோணும். போனாலும் காலையில ரெண்டு மணி நேரம் கிளாஸுக்கு வந்துட்டு போங்க.

பொண்ணுங்கள பெத்தவங்களுக்கு தனியா ஒன்னு சொல்லணும். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பத்தாவது பெயில்னு தெரிஞ்சதும் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிக்கிறாங்க. பதினஞ்சு பதினாறு வயசு புள்ளைக்கு கல்யாணம் பண்றது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், பொண்ணுக்கு 18 முடியணும். ஒரு பேப்பர்ல 35 வரலங்கறதுக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கைய முடிவு பண்ணாதீங்க. பேச்சு எடுத்தாங்கன்னு தெரிஞ்சா பொண்ணுங்களே என்கிட்ட சொல்லுங்க, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கெடையாது. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு பள்ளியில படிச்சுட்டு காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, பையனுக்கு தமிழ்ப் புதல்வன். கணக்கு மார்க்க விட இத பத்தி ஒவ்வொரு மீட்டிங்லயும் நான் அதிகமா பேசுறேன், பேசிக்கிட்டேதான் இருப்பேன்.

பதினொன்னுல ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க எவ்வளவு மார்க் வேணும்?

ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும். மார்க்க விட நான் பாக்குறது, இயற்கணிதமும் முக்கோணவியலும் புள்ளைக்கு பிடிச்சு வருதா, ஸ்டெப் தன்னால எழுதுதாங்கறதுதான். மனப்பாடம் பண்ணி 85 எடுத்த புள்ள பதினொன்னுல திணறுறதும், 65 எடுத்துட்டு புரிஞ்சு படிச்ச புள்ள நல்லா வர்றதும் ரெண்டும் நடக்குது. இஞ்சினியரிங் கட் ஆஃப் 200ல கணக்குக்கு மட்டும் 100, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு 50, 50, அதனால பர்கூர், செட்டிக்கரை அரசு இஞ்சினியரிங் காலேஜ்ங்கள மனசுல வெச்சிருக்கவங்க கணக்க தள்ளி வெக்க முடியாது. 2025-26ல இருந்து பதினொன்னுக்கு பொதுத்தேர்வு இல்ல, அதுக்காக அந்த வருஷ பாடத்த விட்டுடாதீங்க, பன்னெண்டாவது கணக்கு அதுமேலதான் நிக்குது. பாலிடெக்னிக், ஐடிஐ போயிட்டு ஓசூர் கம்பெனிங்கள்ல வேலைக்கு போக நெனைக்கிறவங்களுக்கும் அளவியல், விகிதம் இதெல்லாம் தெனமும் கையில வர்ற கணக்கு.

பேப்பர்ல மார்க் கூட்டுனது தப்பா இருந்தா?

கொண்டு வாங்க, உடனே திருத்துவேன். ஒரு ஸ்டெப்புக்கு மார்க் வரணும்னு தோணுனாலும் கொண்டு வந்து ஏன்னு சொல்லுங்க, நியாயம் இருந்தா போடுவேன். கேட்டதுக்காக யாருக்கும் மார்க் கொறையாது. பேப்பர் குடுத்து மூணு நாளுக்குள்ள வந்துடுங்க.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு யாரு வரணும்? நாங்க பெங்களூருல வேலையில இருக்கோம்.

புள்ளைய பாத்துக்கறது யாரோ அவங்க வரலாம், பாட்டி, தாத்தா, அத்தை, பெரிய அக்கா யாரா இருந்தாலும் சரி. பேப்பர்ல பாட்டி கைநாட்டு வெச்சாலும் எனக்கு செல்லும். கட்டட வேலைக்கு போயிருக்கவங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுங்க, புள்ளையோட பேப்பர பக்கத்துல வெச்சுக்கிட்டு எந்த பாடத்துல எப்படின்னு சொல்றேன். மீட்டிங்குக்கு கூலிய விட்டுட்டு வர முடியலன்னா காலையில பிரேயருக்கு முன்னாடி எட்டரைக்கு வந்தாலும் நான் இருப்பேன்.